இருக்கம் தீவுக்கு ஒரு நாள்: ஊர் திரும்பும் பறவைகளைப் படகில் போய்ப் பார்க்க

பழவேற்காடு ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வந்துபோய்விடுகிறார்கள். பூநாரை (ஃபிளமிங்கோ) திருவிழா என்று ஏரிக்கு அருகில் உள்ள ஆந்திர ஊரான சூலூர்பேட்டை களைகட்டுவதும் அந்தச் சமயத்தில்தான். அப்போது எண்ணிக்கை அதிகம், நிறம் குறைவு. டிசம்பரில் சேற்றில் மேயும் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைக் கூட்டத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். எது எதுவென்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை போய்ப் பாருங்கள். அதே பறவைகள் வடக்கே போவதற்கு முன் செங்கல் நிறமும் கறுப்பும் ஆரஞ்சுமாக உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும். வாத்துகள் மட்டும் வேண்டுமென்றால் இது தாமதம். ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் மார்ச் நடுவிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். நீலச்சிறகி கொஞ்சம் பொறுத்துப் போகும்.

இருக்கம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு. ஆந்திரத்தின் தடா மண்டலம். 2022 வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். அரசு ஆவணம் தெலுங்கு, வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ். மேற்குக் கரையில் இரண்டு இடங்களிலிருந்து படகு ஏறலாம்: தமிழ்நாட்டுப் பக்கம் ஆரம்பாக்கம், ஆந்திரப் பக்கம் பீமுனிவாரிபாளையம். பின்னதைப் பி.வி.பாளையம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் அனுமதி. ஏரி இரண்டு மாநிலங்களிலும் பறவைகள் சரணாலயம். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை. ஆகவே கரையில் நிற்கும் ஏதோ ஒரு மீன்பிடி படகைப் பேசி ஏறுவது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். மாட்டினால் உங்களுக்கு அபராதம், படகுக்காரருக்குப் பிழைப்பே போகும். சூலூர்பேட்டையில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒரு வாரம் முன்னதாகவே கேட்டு, எந்தப் படகுத்துறையிலிருந்து, எந்தப் படகில், எத்தனை பேர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் போய்வரும் பயணிப் படகில் இடம் கேட்டுப் போவதும் ஒரு வழி. ஆனால் அது நீங்கள் சொன்ன இடத்தில் நிற்காது, விடியுமுன் கிளம்பவும் கிளம்பாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள். அந்தச் சமயத்தில் ஏரியிலும் கடலிலும் போக்குவரத்துக் கட்டுப்பாடு வரும். ஏவும் தேதி தள்ளிப்போவது வழக்கம் என்பதால் முன்பின் இரண்டு நாட்களையும் தவிர்ப்பது நல்லது. மற்ற நாட்களிலும் ஸ்ரீஹரிகோட்டா கரைப் பக்கம் படகை ஒட்ட விடக்கூடாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஏரியின் குணம் தெரியாமல் நேரம் குறிக்க முடியாது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம், சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் ஜனவரியிலிருந்து வற்றிக்கொண்டே வரும். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலும் கைவிட்டுவிடும். ஏப்ரலில் ஏரித் தண்ணீர் சில இடங்களில் கடலைவிட உப்பாக இருக்கும். உள்ளான்களுக்கு இது விருந்து, ஏனென்றால் தினமும் ஒரு முழம் புதுச்சேறு வெளியே தெரியும். படகுக்கு இதுவே தலைவலி. ஜனவரியில் நேராக ஓடிய வழியில் ஏப்ரலில் சுற்றிப் போக வேண்டியிருக்கும். இணையத்தில் எடுத்த பழைய வரைபடத்தை நீட்டி இப்படிப் போங்கள் என்று படகுக்காரருக்குச் சொல்லாதீர்கள்.

முகத்துவாரத்திலிருந்து தள்ளி இருப்பதால் இருக்கத்தைச் சுற்றிக் கடலின் ஏற்ற வற்றம் பலவீனம். அந்த வேலையை இங்கே காற்று செய்கிறது. பதினொரு மணி வாக்கில் கடல்காற்று எழும்பித் தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால், ஆழமில்லாத தண்ணீரை வடமேற்குப் பக்கம் ஒதுக்கும். காலையில் மிதந்த படகு மாலையில் சேற்றில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். இறங்கியதும் கரையோரத்தில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள். மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தண்ணீர் போகிறதா வருகிறதா என்பது தெரிந்துவிடும். எந்தச் செயலியும் இந்த ஏரியில் அந்தக் குச்சி அளவுக்கு உதவாது.

வெளிச்சம்தான் அடுத்த விஷயம். புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கோட்டைவிடுவது இதில்தான். ஏறும் கரை மேற்கில், தீவு கிழக்கில். எட்டு மணிக்குப் படகேறினால் வழி முழுக்கச் சூரியன் முகத்தில் அடிக்கும். பறவைகளெல்லாம் கறுப்பு நிழல். சூரியன் மார்ச் நடுவில் 6.15 வாக்கிலும், ஏப்ரல் நடுவில் ஆறு மணிக்குச் சற்று முன்னும் உதிக்கும். முதல் வெளிச்சம் தெரிந்ததும், அதாவது 5.30 வாக்கில் கிளம்பி, 6.30-க்குள் தீவின் மேற்குக் கரையில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து வந்த வழியை, மேற்கு நோக்கித் திரும்பிப் பாருங்கள். வெயில் முதுகில், சேறு கண்ணுக்கு முன்னால். கால் நிறம்கூடப் பளிச்சென்று தெரியும். இந்த நேரம் 9 மணி வரைதான். 9.30-க்குள் சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியிலும் பறவை தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் நெளிவும் கூடும். 20 மடங்குக்கு இறக்கிவிடுங்கள்.

முதல் ரயிலை நம்பி இந்த நேரத்தைப் பிடிக்க முடியாது. சென்னையிலிருந்து சூலூர்பேட்டை போகும் மின்ரயில் ஆரம்பாக்கத்திலும் தடாவிலும் நிற்கும்தான். அது முந்தின நாள் மாலை வந்து தங்குவதற்குச் சரி. காரில் வந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மூன்று மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

படகு பேசும்போது கூலியை மட்டும் பேசக்கூடாது. காத்திருக்கும் நேரம், டீசல், திரும்பும் நேரம் மூன்றையும் முன்னதாகவே பேசிவிடுங்கள். கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “அண்ணே, பறவை கிட்ட வந்ததும் எஞ்சினைத் தூக்கிட்டுக் கழி போட்டுப் போக முடியுமா?” முடியும் என்பவர்தான் உங்களுக்கு ஏற்ற ஆள். கழி போட இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது. பறவை பார்க்க ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆள் கூடினால் படகு அமிழும், ஒரு சாண் அமிழ்ந்தாலே இந்த ஏரியில் தரை தட்டும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. இடது பக்கம் பூநாரை என்று யாராவது கத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள், எழுந்திருக்காதீர்கள்.

உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, தோள் பகுதியைப் பிடித்து ஒருவர் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அளவு பெரிது. கொக்கி உடைந்தது, பஞ்சு நொறுங்கியது எல்லாம் கணக்கில் சேராது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று கழற்றிவைக்கிறவர்கள் உண்டு. இடுப்பளவுத் தண்ணீருக்கு அடியில் முழங்காலளவுச் சேறு இருக்கிறது.

வழியில் வலை கட்டிய கம்புகள் வரிசையாக நிற்கும். ஏரியில் மீன்பிடிப்பது பாடு முறையில் நடக்கிறது: இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு இன்று கிடைத்த இடம் அடுத்து எப்போது வருமோ. அந்த வரிசைக்குள் படகை விடச் சொல்லவே கூடாது. விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்துத் தூக்கி, சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் பிரித்தெடுக்க வேண்டும். கத்தியை எடுப்பது கடைசி வழி. எடுத்தால் வலைக்காரரைத் தேடிப்போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

தரை தட்டினால் எஞ்சினை முறுக்காதீர்கள், முறுக்கச் சொல்லவும் சொல்லாதீர்கள். வெளியிலிருந்து தண்ணீரை இழுத்துக் குளிரும் எஞ்சின் சேற்றையும் சேர்த்து இழுக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்து, அரை மணியில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். எஞ்சினைத் தூக்கிவிட்டு, ஆட்களைப் படகின் மிதக்கும் பக்கம் மெதுவாக நகர்த்தி, வந்த வழியே கழியால் பின்னுக்குத் தள்ளுவதுதான் முறை.

இறங்கி நடக்க நேர்ந்தால் செருப்பு உதவாது. முதல் நான்கு அடியிலேயே சேறு பிடுங்கிக்கொள்ளும். வெறுங்காலும் கூடாது, சிப்பி ஓடு கிழித்துவிடும். கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூவும் நீளக் காலுறையும் போதும். கலங்கல் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை இருந்தால் விலகிப் போகும், மிதித்தால்தான் வாலால் அடிக்கும். அடித்துவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் அரை மணிக்கு மேல் காலை வைத்திருந்தால் வலி தணியும். முள் ஆழமாகத் தைத்திருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவதற்குத் தேநீர் மட்டும் காரணமல்ல.

படகில் 8x42 இருநோக்கிதான் சரி. 10 மடங்கு என்றால் கை நடுக்கத்தோடு படகின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். முக்காலித் தொலைநோக்கி படகில் சுமைதான். தீவில் இறங்கியதும் அது இல்லாமல் முடியாது. முக்காலியின் கால்களை அகலமாக விரித்து, தாழ்த்தி, உட்கார்ந்து பாருங்கள். காற்றில் ஆடாது, பறவைக்கும் உங்கள் உருவம் சின்னதாகத் தெரியும். கண்ணாடியில் உப்புத் துளி பட்டால் காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, கோடு விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் துடைக்க வேண்டும். குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். புளிசாதம் மதியம் வரை தாங்கும். தயிர்சாதம் பத்து மணிக்கே புளித்துவிடும்.

இனிப் பறவை. கூட்டத்தை நெருங்கும்போது பறவை பறக்கும்வரை காத்திருந்து அதுதான் எல்லை என்று கற்றுக்கொள்வது தப்பு. மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கும். அடுத்து எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். தலை தூக்கியபோதே நின்றுவிட வேண்டும். பூநாரைக்கு 200 மீட்டர் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் இது இன்னும் முக்கியம். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்தில் போய்க் குஞ்சு பொரிக்கும் பறவை. கையளவு உடம்பில் அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. ஒரு புகைப்படத்துக்காக மூன்று தடவை எழுப்பிவிட்டால் காலை மேய்ச்சல் போச்சு. நேராகப் போகாமல் சாய்வாக, பறவைக் கூட்டத்தைத் தாண்டிப் போகிற பாவனையில் போனால் கிட்டே விடும். அல்லது சேறு வெளிப்படப் போகும் இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டால் அவையே மேய்ந்துகொண்டு வரும். இரண்டாவது வழிக்குப் பொறுமை அதிகம் வேண்டும், படமும் அதில்தான் நன்றாக வரும்.

அந்த வளைமூக்கு உள்ளான் மார்ச்சில் சாம்பல் முதுகில் அங்கங்கே செங்கல் சிதறியதுபோல் இருக்கும், ஏப்ரல் நடுவில் முகமும் வயிறும் முழுச் செங்கல். அதே கூட்டத்தில் பாதி சிவந்தும் பாதி வெளுத்தும் நிற்பதைப் பார்த்து இரண்டு இனம் என்று எழுதிவிடாதீர்கள். போன வருடம் பிறந்த இளசுகள் பல இந்தக் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். அவை நிறம் மாறாது. பார்க்க வேண்டியது நீளமாக வந்து நுனியில் வளையும் அலகையும், பறக்கும்போது வாலடியில் தெரியும் வெள்ளையையும்தான். கொசு உள்ளான் அதைவிடச் சின்னது. குட்டை அலகு, கறுப்புக் கால், தையல் மெஷின் போலக் கொத்தும்.

மணல் உப்புக்கொத்தியின் மார்பில் ஆரஞ்சுப் பட்டையும் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடியும் வந்திருக்கும். இப்போது திபெத்தியம், சைபீரியம் என்று இரண்டு இனமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தக் கரைக்கு வருவது பெரும்பாலும் திபெத்தியம். பொன் உப்புக்கொத்திக்குக் கன்னமும் வயிறும் கறுப்புத் திட்டுத் திட்டாக வரும், மை கொட்டியதுபோல. சாம்பல் உப்புக்கொத்தியும் அப்படியே கறுக்கும் என்பதால் குழப்பம் வரும். தானாகப் பறக்கும்போது பாருங்கள்: அக்குளில் கறுப்பு இருந்தால் சாம்பல் உப்புக்கொத்தி, சந்தேகமே வேண்டாம். கருவால் மூக்கனின் கழுத்து துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டிருக்கும். பவளக்காலி, பச்சைக்காலி இரண்டையும் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

கடற்காகங்களில் பழுப்புத்தலைக்கு மார்ச்சில் காப்பிக்கொட்டை நிறத்தில் முக்காடு. கண் வெளிறியிருக்கும், கருந்தலைக்குக் கண் கறுப்பு. பறக்கும்போது கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு பெரிதாகத் தெரிந்தால் பழுப்புத்தலை. ஆலாக்களில் (டெர்ன்) மீசை ஆலாவைப் பார்க்காமல் வராதீர்கள்: ஏப்ரலில் வயிறு கரிக்கறுப்பு, அதற்கும் கறுப்புத் தொப்பிக்கும் நடுவே கன்னம் மட்டும் வெள்ளைக் கோடாக இருக்கும். காஸ்பியன் ஆலாவின் கேரட் போன்ற சிவப்பு அலகு ஒரு கிலோமீட்டரிலும் தப்பாது.

பூநாரையில் பெரியதற்கு வெளிர் ரோஜா அலகும் கறுப்பு நுனியும். சிறியதற்கு அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. பெருங்கூட்டத்துக்குள் சிறு பூநாரை ஒன்றிரண்டு மறைந்து நிற்கலாம், அலகு அலகாகத்தான் தேட வேண்டும். எண்ணும்போது முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி அது கண்ணில் எவ்வளவு அகலம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்தை ஐந்து தடவை நகர்த்தினால் ஐம்பது. ஐம்பதை ஒரு கட்டாக வைத்துக் கூட்டம் முழுக்கப் போய்வாருங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, முடித்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் ஆள் சொன்னதும் அடுத்தவர் கணக்கு அதை நோக்கிச் சாய்ந்துவிடும். பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றுவதானால் படகுப் பயணத்துக்கு ஒரு பட்டியல், தீவில் நடந்ததற்கு ஒரு பட்டியல். காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால் எந்தக் கால், மேல் நிறம் எது, கீழ் நிறம் எது, எழுத்து என்ன என்பதை அங்கேயே எழுதிக்கொண்டு மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல வருடங்களாக வளையம் இடுகிறவர்கள் அவர்கள்தான்.

வெயில் ஏறியதும் ஊர்ப்பக்கம் நிழலுக்குப் போய்விடுங்கள். 10.30 முதல் 3.30 வரை சேற்றில் நிற்பது வீம்பு. மரங்களையும் வேலியோரப் புதர்களையும் பாருங்கள். வடக்கே போகும் வழியில் மாங்குயிலும் பழுப்புக் கீச்சானும் நாணல் கதிர்க்குருவியும் இறங்கியிருக்கும். சருகுக்குள் தத்தும் ஆறுமணிக்குருவி கிடைத்தால் அன்றைய நாள் யோகம். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் “இந்த வழியா போகலாமா தாத்தா” என்று கேட்டுவிட்டு நடங்கள். வீட்டுக் கொல்லையை நோக்கி லென்ஸைத் திருப்பாதீர்கள். பி.வி.பாளையத்தில் தெலுங்கு மட்டும் பேசுகிறவரிடம் விசாரிக்க இரண்டு சொல் போதும்: பூநாரை ராஜஹம்ச, கூழைக்கடா கூடபாத்து.

நிழல் சாய்ந்ததும் ஒரு மணி நேரம், இந்தத் தடவை வெளிச்சம் மேற்கில் இருப்பதால் தீவின் கிழக்குக் கரை. 4.45-க்குப் படகில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தாழ்ந்த சூரியன் படகுக்காரர் கண்ணில் அடித்து, வலைக் கம்புகள் தெரியாது. காற்று பின்னாலிருந்து இடப்பக்கமாக வரும். குட்டை அலைகள் பின்பக்கம் ஏறித் தெறிக்கும். பையெல்லாம் வாய் கட்டிய ரப்பர் பைக்குள், ஆட்கள் நடுவில், கனமானவர்கள் தரையில். காற்று எழும்பியபின் ஏரி முழுக்க வெள்ளை நுரை தெரிந்தால் கிளம்பாதீர்கள். மாலை தணியக் காத்திருப்பதா, தீவிலேயே இரவு தங்குவதா என்பதைப் படகுக்காரர் சொல்லட்டும், அவர் சொன்ன பிறகு பேரம் கிடையாது. குழந்தைகளோடு வருகிறவர்கள் மாலை வேலையையே விட்டுவிட்டு, காற்று வருமுன் 10 மணிக்கே திரும்பிவிடலாம்; நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதில் முக்கால் பங்கு அதற்குள் முடிந்திருக்கும்.

விடியலிலேயே காற்று பலமாக இருந்தாலோ படகு கிடைக்காவிட்டாலோ சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் போங்கள். ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலை அது. இரண்டு பக்கமும் சேறு, காரிலிருந்து இறங்காமலே உள்ளான்கள் தெரியும். அட்டகானிதிப்பா பக்கம் வண்டியை ஓரங்கட்டலாம்; சாலை நடுவில் நிறுத்தினால் விண்வெளி மையத்துப் பேருந்துகள் ஒலிப்பானிலேயே பறவைகளைக் கிளப்பிவிடும். இந்தச் சாலையிலும் அதே கணக்குதான்: காலையில் மேற்கு நோக்கிப் பாருங்கள், மாலையில் கிழக்கு நோக்கி.